இணைய வாசலுக்கும் சாய்தளம் வேண்டும்

டிசம்பர் 3, சர்வதேச மாற்றுத் திறனாளிகள் தினம். 2015ஆம் ஆண்டு இதே நாளில்தான் ஒன்றிய பாஜக அரசு ‘சுகம்ய பாரத் அபியான்’ என்ற திட்டத்தை மிகுந்த ஆரவாரத்துடன் தொடங்கியது. மாற்றுத் திறனாளிகள் தடையின்றி அணுகக்கூடிய இந்தியாவை உருவாக்குவோம் என்பது அதன் முழக்கம். கட்டடங்கள், போக்குவரத்து, தகவல் தொடர்புத் தொழில்நுட்பம் ஆகிய மூன்று துறைகள் அதில் குறிக்கப்பட்டன. ஒன்றிய, மாநில அரசுகளின் இணையதளங்களில் பாதியையாவது முழுமையாக அணுகத்தக்கவையாக மாற்றுவது என்ற இலக்கும் அறிவிக்கப்பட்டது. அதற்கு ஐந்து மாதங்களுக்கு முன்புதான், ஜூலை 1 அன்று, ‘டிஜிட்டல் இந்தியா’ தொடங்கப்பட்டிருந்தது.

ஆக, ஒரே ஆண்டில் இரண்டு வாக்குறுதிகள். முதலாவது, அரசு அலுவலகத்தின் கவுண்டர்களை ஒவ்வொன்றாக மூடி அவற்றை இணையத்திற்கு இடம் மாற்றுவது. இரண்டாவது, அந்தப் புதிய இடத்திற்கு எல்லோரும் வந்து சேர வழி அமைப்பது. முதலாவது வேகமாக நடந்தேறியது. ஓய்வூதியம், ரேஷன் அட்டை, சாதிச் சான்றிதழ், கல்வி உதவித்தொகை, தேர்வு விண்ணப்பம், வங்கிக் கணக்கு, ரயில் முன்பதிவு என மக்கள் வாழ்க்கையின் அன்றாடத் தேவைகள் ஏறத்தாழ அனைத்தும் இன்று திரைக்குள் போய்விட்டன. இரண்டாவது வாக்குறுதிக்கான காலக்கெடுக்கள் மட்டும் திரும்பத் திரும்ப நீட்டிக்கப்பட்டன. பத்தாண்டுகள் முடிந்த பிறகும், பார்வையற்ற ஒரு குடிமகன் தன் சொந்த விண்ணப்பத்தைத் தானே நிரப்பிச் சமர்ப்பிக்க முடியுமா என்ற கேள்விக்கு, ‘அது எந்த இணையதளம் என்பதைப் பொறுத்தது’ என்பதே பதிலாக இருக்கிறது.

இது தொழில்நுட்ப வல்லுநர்கள் மட்டும் பேசித் தீர்க்க வேண்டிய பிரச்சனை என்று பலரும் கருதுகிறார்கள். அது சரியல்ல. அரசின் வாசல் எங்கே இருக்கிறது, அதற்குள் யார் நுழைய முடிகிறது, யார் வெளியே நிற்க வைக்கப்படுகிறார் என்பது அரசியல் பிரச்சனை. ஜனநாயக உரிமைப் பிரச்சனை.

கண்ணுக்குத் தெரியாத படிக்கட்டுகள்

வட்டாட்சியர் அலுவலகத்தின் வாசலில் ஆறு படிகள் இருந்தால், சக்கர நாற்காலியில் வரும் ஒருவர் கீழேயே நின்றுவிடுவதை எல்லோரும் பார்க்க முடியும். சாய்தளம் கேட்டுப் போராடுவதன் நியாயமும் எல்லோருக்கும் புரியும். இணையதளத்தில் உள்ள படிகளோ கண்ணுள்ளவர்களின் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதனாலேயே அவை அகற்றப்படாமல் நீடிக்கின்றன.

பார்வையற்றவர்கள் கணினியையும் கைப்பேசியையும் திரை வாசிப்பு மென்பொருளின் துணையுடன் பயன்படுத்துகிறார்கள். திரையில் இருப்பதை அது குரலாக மாற்றிச் சொல்கிறது. மவுஸ் அவர்களுக்குப் பயன்படாது. விசைப்பலகையின் ‘டேப்’ விசையை அழுத்தி ஒவ்வோர் இணைப்பாக, ஒவ்வொரு பொத்தானாக நகர்கிறார்கள். பக்கத்தில் தலைப்புகள் முறையாகத் தலைப்புகளாகவே குறிக்கப்பட்டிருந்தால், ஒரு தலைப்பிலிருந்து அடுத்த தலைப்புக்குத் தாவி, வேண்டிய இடத்தைச் சில நொடிகளில் அடைந்துவிட முடியும். வெறுமனே எழுத்தைப் பெரிதாக்கித் தடிமனாக்கி, ‘இதுதான் தலைப்பு’ என்று விட்டுவிட்டால், மென்பொருளுக்கு அது தலைப்பென்று தெரியாது. அப்போது பக்கம் முழுவதையும் முதல் வரியிலிருந்து கேட்டே ஆக வேண்டும். மேலே நாற்பது இணைப்புகள் கொண்ட பட்டியல் இருந்தால், புதிய பக்கத்தைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அந்த நாற்பதையும் கேட்டு முடித்த பிறகே விஷயத்திற்கு வர முடியும். ‘நேரடியாக உள்ளடக்கத்திற்குச் செல்க’ என்று பக்கத்தின் தொடக்கத்தில் ஓர் இணைப்பு வைத்தால் இந்தத் தொல்லை தீர்ந்துவிடும். அது ஒரே ஒரு வரி வேலை.

ஒரு பக்கத்தில் பத்து இடங்களில் ‘இங்கே சொடுக்கவும்’ என்று மட்டும் எழுதியிருந்தால், எது எங்கே கொண்டுபோகும் என்று கேட்பவருக்குத் தெரியாது. பொத்தானில் அழகான சின்னம் வரைந்து, அதற்குப் பெயர் கொடுக்காமல் விட்டால், மென்பொருள் ‘பொத்தான்’ என்று மட்டும் சொல்லும். என்ன பொத்தான்? சமர்ப்பிக்கவா, அழிக்கவா? விண்ணப்பக் கட்டத்திற்கும் அதன் பெயருக்கும் இணைப்பு ஏற்படுத்தாவிட்டால், தந்தை பெயரை எழுதும் இடத்தில் பிறந்த தேதி எழுதப்பட்டுவிடும். நாட்காட்டியில் தேதியை மவுஸால் மட்டுமே தேர்ந்தெடுக்க முடியும் என்றால் அங்கேயே வேலை நின்றுபோகும். இவற்றையெல்லாம் கடந்து கடைசிப் படிக்கு வந்தால், கோணல்மாணலான எழுத்துகளைப் பார்த்து எழுதச் சொல்லும் ‘கேப்ட்சா’ நிற்கிறது. அதற்கு ஒலி வடிவ மாற்று இல்லையென்றால் கதவு பூட்டப்பட்டதாகவே பொருள். அதற்குள் நேரம் முடிந்து, இணையதளம் அவரை வெளியேற்றியும் விடுகிறது.

இது பார்வையற்றவர்களின் பிரச்சனை மட்டுமல்ல. கை நடுக்கம் உள்ளவரும் கைகளை இயக்க முடியாதவரும் மவுஸைப் பிடிக்க இயலாது. அவர்களுக்கும் விசைப்பலகை வழியே வேண்டும். வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் எழுத்து, பார்வைக் குறைபாடு உள்ளவருக்கு வெற்றுத்தாள் போன்றது. பிழையைச் சிவப்பு நிறத்தால் மட்டும் காட்டினால், நிற வேறுபாடு அறிய இயலாதவருக்கு எது பிழை என்று தெரியாது. எழுத்து வடிவமோ சைகை மொழியோ இல்லாத விளக்கக் காணொலி, செவித்திறன் குறைந்தவருக்கு ஊமைப்படம். சிக்கலான அரசாங்க மொழியில் எழுதப்பட்ட அறிவிப்பு, அறிவுசார் குறைபாடு உள்ளவரை மட்டுமல்ல, எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய உழைப்பாளியையும் வெளியே தள்ளுகிறது. அறுபது வயதைக் கடந்த ஒவ்வொருவரும் இந்தத் தடைகளில் ஏதாவது ஒன்றில் முட்டிக்கொள்ளவே செய்கிறார்கள்.

இவற்றைச் சரிசெய்ய எந்த அதிசயக் கண்டுபிடிப்பும் தேவையில்லை. உலகளாவிய இணைய அணுகல் நெறிமுறைகள் 2008 முதலே தெளிவாக வரையறுக்கப்பட்டு, பின்னர் மேம்படுத்தப்பட்டும் வருகின்றன. என்விடிஏ போன்ற திரை வாசிப்பு மென்பொருள்கள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. இணையதளத்தைக் கட்டும்போதே இந்த நெறிமுறைகளைப் பின்பற்றினால் கூடுதல் செலவு மிகக் குறைவு. கட்டி முடித்த பிறகு இடித்துச் சரிசெய்வதுதான் செலவு. வீடு கட்டுகிற கொத்தனாருக்குத் தெரிந்த இந்த உண்மை, கோடிக்கணக்கில் ஒப்பந்தம் கொடுக்கிற அமைச்சகங்களுக்கு மட்டும் தெரியாமல் போய்விடுகிறது.

கோவின் கற்பித்த பாடம்

இந்தத் தடைகள் எத்தகைய விளைவை ஏற்படுத்தும் என்பதை 2021ஆம் ஆண்டின் கோடைக்காலம் நாட்டுக்கே காட்டியது. கொரோனா இரண்டாவது அலையில் மக்கள் ஆக்சிஜனுக்கும் மருத்துவமனைப் படுக்கைக்கும் தவித்துக்கொண்டிருந்தபோது, 18 முதல் 44 வயது வரையிலானவர்கள் தடுப்பூசி பெற ‘கோவின்’ இணையதளத்தில் முன்பதிவு செய்வது கட்டாயம் என்று ஒன்றிய அரசு அறிவித்தது. இடங்கள் திறந்த சில நொடிகளில் நிரம்பிவிடும் நிலையில், வேகமாக விரலசைக்கத் தெரிந்தவர்களுக்கே தடுப்பூசி என்றாகிவிட்டது.

அந்த இணையதளத்தின் குறைகளை, தானாக முன்வந்து எடுத்துக்கொண்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021 மே 31 அன்று ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டது. கேப்ட்சாவுக்கு ஒலி வடிவ மாற்று இல்லை. வயது, தடுப்பூசியின் பெயர், கட்டணமா இலவசமா என்று பிரித்துத் தேடும் வசதிகள் பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் வகையில் வடிவமைக்கப்படவில்லை. விசைப்பலகை மூலம் தளத்திற்குள் நகர வழியில்லை. முன்பதிவை முடிப்பதற்குள் தானாக வெளியேற்றப்படாத அளவுக்கு மாற்றுத் திறனாளிகளுக்குப் போதிய நேரம் தேவை. உயிர் காக்கும் ஊசிக்கும் ஒரு குடிமகனுக்கும் நடுவில் நின்றது பெயரிடப்படாத பொத்தான் என்பதை நாட்டின் உச்ச நீதிமன்றமே பதிவு செய்ய நேர்ந்தது.

ஒன்றிய அரசு உலகுக்கே எடுத்துக்காட்டு என்று பெருமை பேசிய தளம் அது. மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்து நான்காண்டுகள் கழித்து உருவாக்கப்பட்ட தளமும்கூட. பழைய தளத்தைத் திருத்த நேரமில்லை என்ற சாக்கு இங்கே செல்லாது. புதிதாகக் கட்டும்போதே வாசலில் படிகளை வைத்துக் கட்டினார்கள் என்பதே உண்மை.

யாருடைய இழப்பு?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத் திறனாளிகள் 2.68 கோடிப் பேர். 2021இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பை 2027க்குத் தள்ளிவிட்டதால், இன்றைய எண்ணிக்கை என்னவென்று அரசிடமே கணக்கில்லை. 2016ஆம் ஆண்டின் சட்டம் ஊனத்தின் வகைகளை 21ஆக விரிவுபடுத்தியது. அந்த அடிப்படையில் எண்ணினால் இத்தொகை பெருமளவு உயரும். பழைய கணக்கின்படியே பார்த்தாலும் இவர்களில் 69 விழுக்காட்டினர் கிராமங்களில் வாழ்கிறார்கள். ஏறத்தாழ பாதிப் பேருக்கு எழுத்தறிவு மறுக்கப்பட்டிருக்கிறது.

வசதி படைத்த குடும்பத்தில் உள்ள மாற்றுத் திறனாளிக்கு இணையதளம் திறக்கவில்லை என்றால், உதவிக்கு ஆளிருக்கிறது; வேறு வழிகளும் இருக்கின்றன. கிராமத்தில் இருக்கும் ஏழைக்கு அப்படி இல்லை. ஒருநாள் கூலியை விட்டுவிட்டு, துணைக்கு வரும் உறவினரின் கூலியையும் இழந்து, பேருந்து ஏறிப் பொதுச் சேவை மையத்திற்குப் போக வேண்டும். அங்கே கட்டணம். சில இடங்களில் இடைத்தரகருக்கும் பங்கு. அத்துடன் தன் ஆதார் எண், வங்கிக் கணக்கு, கைப்பேசிக்கு வரும் ஓடிபி அனைத்தையும் முன்பின் தெரியாத ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்த நாட்டில், தன் ஓய்வூதியக் கணக்கில் எவ்வளவு பணம் இருக்கிறது என்பதை இன்னொருவர் படித்துச் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. மாற்றுத் திறனாளிப் பெண்களுக்கு இது கூடுதல் ஆபத்து. மருத்துவ விவரமும் வன்முறைப் புகாரும்கூட வேறொருவரின் கை வழியாகவே போக வேண்டியுள்ளது.

இவ்வளவு செலவழித்துப் பெறும் தொகைதான் எவ்வளவு? இந்திரா காந்தி தேசிய ஊனமுற்றோர் ஓய்வூதியத் திட்டத்தில் ஒன்றிய அரசின் பங்கு மாதம் 300 ரூபாய். 2012க்குப் பிறகு அது ஒரு ரூபாய்கூட உயரவில்லை. அதையும் 80 விழுக்காட்டுக்கு மேல் பாதிப்பு உள்ள, வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்கள் மட்டுமே பெற முடியும். 2021 ஜூன் 1 முதல் ஊனச் சான்றிதழ் வழங்குவதே இணையவழியில் மட்டும் என்று ஆக்கப்பட்டுவிட்டது. பார்வையற்றவர் என்பதற்கான சான்றிதழைப் பெறவும் முதலில் ஒரு திரையைக் கடந்தாக வேண்டும்.

வேலைவாய்ப்பிலும் இதே நிலைதான். அரசுப் பணிகளில் 4 விழுக்காடு இடஒதுக்கீடு சட்டத்தில் இருக்கிறது. ஆனால் விண்ணப்பம், நுழைவுச்சீட்டு, தேர்வு ஆகியவை இணையவழியில் நடக்கின்றன. இத்தனையையும் தாண்டி வேலையில் சேர்ந்தால், அலுவலகத்தின் கோப்பு மேலாண்மை மென்பொருளும் விடுப்பு விண்ணப்பத் தளமும் திரை வாசிப்பானுக்கு ஒத்துழைக்கவில்லை என்றால், திறமை இருந்தும் அவர் வேலை செய்ய முடியாதவராகக் காட்டப்படுகிறார். குறை அவரிடம் இல்லை. அவருக்குக் கொடுக்கப்பட்ட கருவியில் இருக்கிறது.

சட்டத்தை அறிவுரையாக்கிய விதி

மாற்றுத் திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2007 அக்டோபரில் ஏற்றது. அதன் 9ஆவது பிரிவு, தகவல் தொடர்புத் தொழில்நுட்பத்தை அணுகும் உரிமையை வெளிப்படையாகவே உறுதி செய்கிறது. அதற்கேற்ற உள்நாட்டுச் சட்டம் வர மேலும் ஒன்பது ஆண்டுகள் ஆயின. ஊனமுற்றோர் உரிமைகளுக்கான தேசிய மேடை உள்ளிட்ட அமைப்புகள் தெருவிலும் நாடாளுமன்றத்தின் முன்பும் நடத்திய தொடர் போராட்டங்களுக்குப் பிறகே 2016இல் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் நிறைவேறியது. அது ஆட்சியாளர்களின் கருணையால் கிடைத்தது அல்ல.

அந்தச் சட்டத்தின் 42ஆவது பிரிவு மின்னணு ஊடகத்தின் உள்ளடக்கம் அணுகத்தக்க வடிவில் இருக்க வேண்டும் என்கிறது. 46ஆவது பிரிவு, அரசானாலும் தனியாரானாலும் சேவை வழங்குவோர் அனைவரும், விதிகள் அறிவிக்கப்பட்ட இரண்டு ஆண்டுகளுக்குள் தங்கள் சேவைகளை அணுகத்தக்கவையாக மாற்ற வேண்டும் என்று காலவரையறை செய்கிறது. விதிகள் 2017 ஜூன் 15 அன்று அறிவிக்கப்பட்டன. அதன்படி 2019 ஜூனிலேயே இந்தக் கெடு முடிந்துவிட்டது. அரசு இணையதளங்களில் வைக்கப்படும் ஆவணங்கள் மென்பொருளால் வாசிக்கத்தக்க வடிவில் இருக்க வேண்டும் என்பதும் அந்த விதிகளிலேயே உள்ளது. ஆனால் முத்திரையும் கையெழுத்துமாக ஒளிநகல் எடுத்த அரசாணைகளைப் படங்களாகவே பதிவேற்றும் வழக்கம் இன்றும் தொடர்கிறது. அவற்றைத் திறந்தால் திரை வாசிப்பான் மௌனம் காக்கிறது. அரசாணை இருக்கிறது; யாருக்காகப் போடப்பட்டதோ அவரால் அதைப் படிக்க முடியவில்லை.

இந்த அலட்சியத்தின் வேர் எங்கே இருக்கிறது என்பதை 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரத்தூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. சட்டம் கட்டாயம் என்று சொல்லுகிறது. ஆனால் அதற்காக ஒன்றிய அரசு வகுத்த 15(1)ஆவது விதி, பல்வேறு வழிகாட்டுதல்களைப் பட்டியலிட்டு, அவற்றை வெறும் பரிந்துரைகளாகச் சுருக்கிவிட்டது. ஆகவே அந்த விதி சட்டத்திற்கே முரணானது என்று நீதிமன்றம் அறிவித்தது. மீறவே முடியாத குறைந்தபட்சத் தரங்களை மூன்று மாதங்களுக்குள் கட்டாய விதிகளாக வகுக்குமாறு உத்தரவிட்டது. அந்தக் கெடுவுக்குள் விதிகள் அறிவிக்கப்படவில்லை. பெருமுதலாளிகளுக்கான சலுகைகளை ஒரே இரவில் அவசரச் சட்டமாக்கத் தெரிந்த அரசுக்கு, நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்திற்கு விதி எழுத நேரமில்லை.

2025 ஏப்ரல் 30 அன்று வந்த மற்றொரு தீர்ப்பு இந்த உரிமையை மேலும் ஒரு படி உயர்த்தியது. அமில வீச்சினால் முகமும் கண்களும் சிதைக்கப்பட்ட பெண்கள், வங்கிக் கணக்கு தொடங்கக் கண்சிமிட்டிக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையால் திருப்பி அனுப்பப்பட்ட கொடுமையை நீதிமன்றத்தின் முன் வைத்தனர். பார்வையற்ற ஒருவர் தொடுத்த வழக்கும் அதனுடன் சேர்த்து விசாரிக்கப்பட்டது. டிஜிட்டல் சேவைகளை அணுகும் உரிமை, அரசமைப்புச் சட்டத்தின் 21ஆவது பிரிவு உறுதி செய்யும் வாழ்வுரிமையின் பகுதியே என்று நீதிபதிகள் ஜே.பி.பர்திவாலா, ஆர்.மகாதேவன் அமர்வு தீர்ப்பளித்து, 20 வழிகாட்டுதல்களை வழங்கியது. அதன்பின், பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி, 2025 ஜூலை இறுதியில் தன் கட்டுப்பாட்டில் உள்ள நிறுவனங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. வரவேற்கத்தக்கதே. ஆனால் பங்கு வாங்குவோரின் வாசலுக்குக் காட்டும் அக்கறை, ரேஷன் வாங்குவோரின் வாசலுக்கும் உடனடியாகக் காட்டப்பட வேண்டும்.

தெய்வீகப் பட்டம் வேண்டாம், உரிமை வேண்டும்

சட்டம் இருந்தும் நிலைமை ஏன் மாறவில்லை? மீறுவோருக்கு அச்சமில்லை என்பது முதல் காரணம். முதல் மீறலுக்கு அதிகபட்ச அபராதம் 10 ஆயிரம் ரூபாய். பல நூறு கோடி ரூபாய் விற்றுமுதல் உள்ள நிறுவனத்திற்கு அது தேநீர்ச் செலவு.

நம் நாட்டுத் தகவல் தொழில்நுட்பத் துறைக்கு அணுகத்தக்க இணையதளம் கட்டத் தெரியாதா என்றால், நன்றாகவே தெரியும். அமெரிக்காவில் அரசு வாங்கும் மின்னணுச் சேவைகள் மாற்றுத் திறனாளிகளுக்கு ஏற்றவையாக இருக்க வேண்டும் என்று 1998இலேயே சட்டம் திருத்தப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் அணுகல் சட்டம் 2025 ஜூன் 28 முதல் தனியார் வணிகத் தளங்களுக்கும் பொருந்துகிறது. அந்நாடுகளுக்கு இணையதளம் கட்டித் தரும் இந்திய நிறுவனங்கள் அங்குள்ள சட்டத்திற்கு உட்பட்டே ஆக வேண்டும். பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் உட்கார்ந்து வெளிநாட்டு வாடிக்கையாளருக்காகச் சாய்தளம் அமைக்கும் அதே தொழிலாளியின் கை, உள்நாட்டு வேலைக்கு வரும்போது படிக்கட்டைக் கட்டுமாறு பணிக்கப்படுகிறது. திறமையில் வித்தியாசம் இல்லை. சட்டத்தின் பற்களில்தான் வித்தியாசம். மூலதனம் மனசாட்சிக்குக் கட்டுப்படுவதில்லை, கட்டாயத்திற்கே கட்டுப்படும்.

இரண்டாவது காரணம், ஆட்சியாளர்களின் பார்வை. 2015 டிசம்பரில் தம் ‘மனதின் குரல்’ உரையில் பிரதமர் மோடி, மாற்றுத் திறனாளிகளை ‘திவ்யாங்’, அதாவது தெய்வீக உறுப்பு உடையோர் என்று அழைக்கலாம் என்றார். எங்களுக்கு வேண்டியது தெய்வீகமல்ல, சம உரிமை என்று மாற்றுத் திறனாளிகளின் அமைப்புகள் அன்றே கண்டித்தன. பெயரைத் தெய்வீகமாக்கிவிட்டு நிதியை வெட்டினார்கள். உரிமைச் சட்டத்தை நடைமுறைப்படுத்துவதற்கான திட்டத்திற்கு 2022-23 நிதிநிலை அறிக்கையில் சுமார் 240 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டிருந்தது. அடுத்த ஆண்டே அது 150 கோடியாகக் குறைக்கப்பட்டது. அணுகத்தக்க இந்தியாவுக்கான பணிகளுக்கு இந்தத் திட்டத்திலிருந்துதான் நிதி வர வேண்டும்.

மூன்றாவது, கண்துடைப்பு. பக்கத்தின் மூலையில் எழுத்தைப் பெரிதாக்கவும் நிறத்தை மாற்றவும் சில பொத்தான்களை ஒட்டிவிட்டு, ‘எங்கள் தளம் அணுகத்தக்கது’ என்று அறிவித்துக்கொள்ளும் போக்கு பெருகி வருகிறது. உள்ளே தலைப்புகள் குறிக்கப்படவில்லை, படிவத்தின் கட்டங்களுக்குப் பெயரில்லை, விசைப்பலகையால் நகர முடியவில்லை என்றால் அந்தப் பொத்தான்களால் ஒரு பயனும் இல்லை. கட்டடத்தின் சுவரில் சாய்தளத்தின் படத்தை வரைந்து வைப்பதற்கு அது சமம்.

செய்ய வேண்டியவை

உச்ச நீதிமன்றம் ஆணையிட்ட கட்டாயத் தரங்கள் எந்தத் தளர்வும் இன்றி, தனியார் நிறுவனங்களையும் உள்ளடக்கி, முழுமையாகச் செயலுக்கு வர வேண்டும். அரசின் எந்த இணையதளத்திற்கும் செயலிக்கும் ஒப்பந்தம் கொடுக்கும்போதே அணுகல் தரம் நிபந்தனையாக இருக்க வேண்டும். சான்று பெறாத தளத்திற்கு இறுதித் தவணைப் பணம் வழங்கக் கூடாது. சோதனையைக் கணினி மட்டும் செய்து முடித்துவிட முடியாது. வெவ்வேறு வகை மாற்றுத் திறனாளிகளே உரிய ஊதியத்துடன் சோதனையாளர்களாக நியமிக்கப்பட வேண்டும். தணிக்கை அறிக்கைகள் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். திரை வாசிப்புக் குரல்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமன்றி எட்டாவது அட்டவணையில் உள்ள எல்லா மொழிகளிலும் தரமாகவும் இலவசமாகவும் கிடைக்க, பொதுத்துறை ஆராய்ச்சி நிறுவனங்களுக்கு நிதி ஒதுக்கப்பட வேண்டும்.

இவை அனைத்தையும்விட அடிப்படையான கோரிக்கை ஒன்று உண்டு. இணையதளம் எவ்வளவு சிறப்பாக இருந்தாலும், நேரில் சென்று விண்ணப்பிக்கும் வழி மூடப்படக் கூடாது. கவுண்டரும், அங்கே பொறுமையாகப் பதில் சொல்லும் ஊழியரும் மக்களின் உரிமை. டிஜிட்டல் என்ற பெயரில் காலிப் பணியிடங்களை நிரப்பாமல் விடும் சூழ்ச்சிக்கும் மாற்றுத் திறனாளிகள் வெளியே தள்ளப்படுவதற்கும் உள்ள தொடர்பைத் தொழிற்சங்கங்கள் மக்களிடம் எடுத்துச் சொல்ல வேண்டும். அரசு ஊழியர், வங்கி ஊழியர், தகவல் தொழில்நுட்ப ஊழியர் சங்கங்களின் கோரிக்கைப் பட்டியலில் இது இடம்பெற வேண்டும்.

கட்சிக் கிளைகள் செய்யக்கூடிய எளிய வேலைகளும் இருக்கின்றன. தங்கள் பகுதியில் உள்ள மாற்றுத் திறனாளித் தோழர்களுடன் உட்கார்ந்து, மக்கள் அதிகம் பயன்படுத்தும் நான்கைந்து அரசு இணையதளங்களை மவுஸைத் தொடாமல் விசைப்பலகையால் மட்டும் இயக்கிப் பார்க்கலாம். எங்கே தடைபடுகிறது என்பதை எழுதிக்கொண்டு, மாற்றுத் திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் புகாராகக் கொடுக்கலாம். அணுகல் தணிக்கை நடந்ததா என்று தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். ஒரு மாலைப்பொழுது போதும். ஆனால் அது நூறு உரைகளை விடத் தெளிவாக இப்பிரச்சனையைப் புரியவைக்கும்.

சொந்த வீட்டிலிருந்தும்

அரசை நோக்கி விரல் நீட்டும் இயக்கம், தன் வாசலையும் பார்த்துக்கொள்ள வேண்டும். மாநிலக் குழுவின் அறிக்கை முழுவதையும் அழகிய படமாக்கி வாட்ஸ்அப்பில் அனுப்பும் பழக்கம் எல்லா இடங்களிலும் பரவியிருக்கிறது. பார்வையற்ற தோழரின் கைப்பேசி அதைப் ‘படம்’ என்று மட்டும் சொல்லி நின்றுவிடுகிறது. அறைக்கூட்டத்திற்கான அழைப்பும் ஆர்ப்பாட்டம் நடக்கும் இடமும் நேரமும் அந்தப் படத்திற்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கின்றன. பழைய இதழ்கள் பக்கப் படங்களாக ஏற்றப்பட்டுள்ளன. யுனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் சேமிக்கப்பட்ட தமிழ்க் கட்டுரைகளைத் திரை வாசிப்பான் பொருளற்ற ஒலிகளாக உளறுகிறது. தலைவர்களின் உரைக் காணொலிகளில் எழுத்து வடிவம் இல்லை. தீண்டாமைக்கு எதிராகவும் சமத்துவத்திற்காகவும் முழங்கும் உரை, செவித்திறனற்ற தோழருக்கு அசையும் உதடுகளாக மட்டுமே போய்ச் சேர்கிறது.

திருத்துவது கடினமல்ல. படத்துடன் அதே செய்தியை எழுத்தாகவும் அனுப்பலாம். புகைப்படத்தில் இருப்பதை ஒரு வரியில் சொல்லலாம். இணைய இதழின் ஒவ்வொரு கட்டுரைக்கும் முறையான தலைப்புக் குறியீடு இடலாம். இவற்றைச் சரிபார்க்கும் பொறுப்பை மாற்றுத் திறனாளித் தோழர்களிடமே ஒப்படைக்கலாம். ‘எங்களைத் தவிர்த்துவிட்டு எங்களைப் பற்றி எதையும் முடிவு செய்யாதே’ என்பது உலகெங்கும் மாற்றுத் திறனாளிகள் இயக்கத்தின் முழக்கம். அது கட்சி அலுவலகத்திற்கும் பொருந்தும். இந்தத் தலையங்கமே ஒரு பார்வையற்ற தோழரிடம் பக்கத்தின் படமாகப் போய்ச் சேருமானால், அது அவரிடம் போய்ச் சேரவில்லை என்றே பொருள்.

படிக்கட்டு இயற்கையில் முளைத்ததல்ல. யாரோ ஒருவர் தீர்மானித்துக் கட்டியது. பெயரில்லாத பொத்தானும் அப்படித்தான். கட்டியதை மாற்றிக் கட்ட முடியும். டிசம்பர் 3 அன்று மட்டும் வாழ்த்துச் சொல்லிவிட்டு மறுநாள் மறந்துபோகும் ஆட்சியாளர்களை மாற்றிக் கட்ட வைப்பது, மாற்றுத் திறனாளிகளின் போராட்டம் மட்டுமல்ல. ஜனநாயகத்தின் வாசல் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்று கருதும் அனைவரின் போராட்டம். அப்போராட்டத்தில் மாற்றுத் திறனாளிகளை முன்வரிசையில் நிறுத்தி, அவர்களுடன் தோளோடு தோள் நிற்பது கட்சி உறுப்பினர் ஒவ்வொருவரின் கடமை.